ஒரே கையில் இரண்டு ஆட்டம்

போக்கரில் பெரிய கைதான் ஜெயிக்கும் என்று பழகியவர்களை ஓமஹா ஹை-லோ முதலில் திணறடிக்கும். மேசை நடுவே சேர்ந்த பணத்தில் பாதி உயர்ந்த கைக்கு, மீதி தாழ்ந்த கைக்கு.

ஆளுக்கு 4 சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் 5 சீட்டு திறப்பார்கள்: முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. கையிலிருந்து சரியாக 2, மேசையிலிருந்து சரியாக 3 எடுத்துத்தான் கை சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். மேசையில் 4 இஸ்பேட் கிடந்தாலும், கையில் ஒரே இஸ்பேட் இருந்தால் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) கிடையாது.

தாழ்ந்த கைக்கு ஐந்தும் வெவ்வேறு எண்கள், எதுவும் எட்டைத் தாண்டக் கூடாது. ஏஸ் இங்கே 1. வரிசையாக அமைந்தாலும், ஒரே சின்னமாக இருந்தாலும் குறையில்லை. ஆகவே 5-4-3-2-ஏஸ்தான் மிகச் சிறந்தது. ஒப்பிடுவது எளிது: பெரிய எண்ணிலிருந்து படியுங்கள். 75431, 76321-ஐ விடச் சிறியது, அதுவே வெல்லும். யாருக்கும் தாழ்ந்த கை அமையாவிட்டால் முழுப் பணமும் உயர்ந்த கைக்கே.

இந்த ஆட்டத்தின் அழகு இனிமேல்தான். உங்களிடம் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 9, ஆட்டின் 2, டைமன் கிங். மேசையில் இஸ்பேட் 3, 7, ஜாக், கிளாவர் 6, ஆட்டின் குயீன். ஏஸையும் 9-ஐயும் எடுத்தால் ஏஸ் தலைமையில் ஃப்ளஷ். அதே ஏஸோடு 2-ஐச் சேர்த்தால் 7-6-3-2-ஏஸ். ஒரே ஏஸ் இரண்டு பக்கமும் உழைக்கிறது. இரண்டு பாதியும் உங்களுக்கே வரலாம்.

ஆனால் கடைசிச் சீட்டு குயீனுக்குப் பதில் ஒரு 2 என்று வையுங்கள். உங்கள் 2-க்கு இருந்த தனி மதிப்பு போயிற்று. ஏஸும் 4-ம் வைத்திருப்பவர் 6-4-3-2-ஏஸ் காட்டி உங்களை முந்திவிடுவார்.

ஏஸ்-2 மட்டும் நம்பி உட்காருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று பேர் தலா 100 ரூபாய் போட்டதில் 300. உயர்ந்த கைக்கு 150. மீதி 150-க்கு இரண்டு பேர் ஒரே தாழ்ந்த கையைக் காட்டினால் ஆளுக்கு 75. யாராலும் வெல்லவே முடியாத தாழ்ந்த கை உங்களுடையது. போட்டது 100, திரும்பியது 75. அதனால்தான் தேர்ந்தவர்கள் ஏஸ்-2 வந்ததும் மற்ற இரண்டு சீட்டையும் பார்க்கிறார்கள்: கூடவே ஒரு 3 உண்டா, ஏஸுக்கு அதே சின்னத்தில் துணை உண்டா என்று.