எழுத்தில் தடுமாறுவோர் அறிவில் குறைந்தோரா?

வகுப்பில் வினாவைக் கேட்டவுடன் எழுந்து தெளிவாக விடை கூறும் மாணவர் சிலர் உளர். அவர்தம் விடைத்தாளை எடுத்தாலோ எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும், ஒற்றுகள் விடுபட்டிருக்கும், பாதி வினாக்களுக்கு விடையே இராது. ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுகிறோம். அச்சொல் எப்போதும் உண்மைதானா?

கண்ணும் செவியும் அறிவும் குன்றாதிருந்தும், எழுத்தை அதற்குரிய ஒலியோடு விரைந்து இணைக்க இயலாத நிலையை ‘டிஸ்லெக்சியா’ என்பர். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அறிவுக்கூர்மை மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவன் படிக்க இயலாது தவித்ததை மருத்துவ இதழில் விவரித்தார். இக்குறை சோம்பலால் வருவதன்று. பெரும்பாலும் குடும்ப வழியில் தொடர்வது. வயது ஏறினால் நீங்கிவிடுவதுமன்று.

சென்னையில் 1991-இலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றிவிட்டது. ஆயினும் நம் நாட்டில் இது குறித்த பேச்செல்லாம் குழந்தைகளைச் சுற்றியே அமைந்தது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பும் 5 முதல் 12 வயதுச் சிறார்க்கானதே. அவ்வயதில் கண்டறியப்படாதவர், தம் குறைக்குப் பெயருண்டு என்பதையே அறியாமல் வளர்கிறார். பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்தும், விண்ணப்பங்களைப் பிறரிடம் கொடுத்து நிரப்பியும் குறையை மறைக்கப் பழகுகிறார். ‘நாம் மந்தம்’ என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்.

அமெரிக்கக் கவிஞர் பிலிப் ஷுல்ட்ஸ் 11 வயது வரை படிக்கக் கற்காதவர். தம் மகனுக்குச் செய்யப்பட்ட சோதனையின் வாயிலாகவே, 58-ஆம் வயதில், தம் குறை இன்னதென உணர்ந்தார். 2008-இல் கவிதைக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, இதனையும் சேர்த்தது. உரிய சான்றிதழ் பெற்றோர் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கோரலாம். தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தார் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தில் வழி கேட்டறியலாம்.

லகர, ளகர, ழகரங்களை மயங்கி எழுதுவோர் அனைவர்க்கும் இக்குறை உண்டு எனக் கொள்ளல் தவறு. பேச்சு வழக்காலும் அம்மயக்கம் நேரும். வாய்மொழியில் தெளிவும் எழுத்தில் தடுமாற்றமும் இளமை முதல் தொடருமாயின் உளவியல் வல்லுநரை நாடுவதே முறை.

‘பெயர் வெளியில் தெரிந்தால் நாளை திருமணப் பேச்சுக்குத் தடையாகுமே’ எனச் சமுதாயப் பெரியோர் அஞ்சுதல் இயல்பே. ஆனால் ‘மந்தன்’ என்னும் பெயரை நாம் முன்னரே சூட்டிவிட்டோம் அல்லவா? அதனினும் உண்மைப் பெயர் நன்று. கல்வி தேடுதல் அனைவர்க்கும் கடமை என்பது நம் மார்க்கம். கடமை அனைவர்க்கும் எனில், அதற்குரிய வழியும் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். இனிச் சிவப்பு மையைத் தொடுமுன், அம்மாணவரை அருகழைத்து, விடையை ஒருமுறை வாயால் சொல்லக் கேட்போம்.