கடற்கன்னியின் நிறம்

மன்னார்த் தீவைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய 1560ஆம் ஆண்டில், இத்தீவின் கடலிலே ஏழு கடல்மாந்தர் வலையிற் பட்டனர் என்று இயேசு சபையாரின் பழைய வரலாற்று ஏடு ஒன்று கூறுகின்றது. ஆணும் பெண்ணுமாக அகப்பட்ட அவற்றைக் கோவாவுக்குக் கொண்டு சென்றார்களாம். அங்கே அரசப் பிரதிநிதியின் வைத்தியராயிருந்த பொஸ்கெஸ் என்பவர் அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் யாவும் மனிதருக்கு உள்ளவற்றையே ஒத்திருக்கின்றன என்று தீர்ப்பளித்தாராம். சேர் எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலில் இச்செய்தியைச் சற்றே குறும்பு தொனிக்க எடுத்துரைக்கின்றார். அகப்பட்டவை ஆவுளியாக்களாகவே இருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை. கடற்பசு என்றும் நாம் வழங்கும் அந்தச் சாதுவான பிராணி, கடலடியிற் புல் மேய்ந்து, மூச்சுவிட மேலே வந்து, மார்பிலே குட்டிக்குப் பால் கொடுப்பது. இலங்கைக் கடலில் பெண்ணுருவம் கொண்ட உயிர் ஒன்று உண்டென்று கிரேக்கனாகிய மெகஸ்தனிஸ் கேள்விப்பட்டு எழுதியதும் இதனைக் கொண்டேயாகலாம்.

ஆகவே உலகத்துக் கடற்கன்னிக் கதைக்கு மன்னாரான் எவனும் ஓரளவு பாத்தியதை கொண்டாடலாம். அந்தப் பாத்தியதையோடுதான் நானும் இவ்விவகாரத்தில் தலையிடுகின்றேன்.

விவகாரம் இதுதான். டென்மார்க்கு தேசத்து அண்டர்சன் 1837இல் எழுதிய சின்னக் கடற்கன்னியின் கதையை டிஸ்னி நிறுவனத்தார் 1989இல் சித்திரப் படமாக ஆக்கினர். வெள்ளை மேனியும் செக்கச் சிவந்த கூந்தலுமாக ஏரியல் என்னும் அந்தப் பெண் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனத்திற் குடிபுகுந்தாள். பின்னர், தம் பழைய சித்திரப் படங்களை உயிருள்ள நடிகரை வைத்து மீண்டும் எடுக்கும் வியாபாரத்தில் இறங்கிய அந்நிறுவனத்தார், 2019 யூலையில், ஏரியலாக நடிக்கப்போகிறவர் ஹாலி பெய்லி என்னும் கறுப்பினப் பாடகி என்று அறிவித்தார்கள். உடனே எழுந்தது கூச்சல். இவள் எங்கள் ஏரியல் அல்லள் என்று முழங்கினர் ஒரு சாரார். 2022 செப்தெம்பரில் முன்னோட்டம் வெளிவந்தபோது வெறுப்பைத் தெரிவித்தோர் தொகை பத்து லட்சத்தையும் கடந்தது. அதே நாட்களில், திரையில் அந்த முகத்தைக் கண்ட கறுப்பினச் சிறுமியர் தம்மைப் போலவே அவளும் இருக்கிறாள் என்று வாய் பிளந்து மகிழ்ந்த காட்சிகளும் உலகமெங்கும் பரவின. 2023 மே மாதத்தில் படம் வந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த வாதம் பள்ளிமுனையிலும் ஒரு மாலைப்பொழுதிலே நடந்தது என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். நான் வியப்படையவில்லை. உயர்தர வகுப்பு மாணாக்கர் ஏழெட்டுப் பேர், புனித லூசியா ஆலயத்துக்கு அப்பால், கரையிலே இழுத்து வைத்திருந்த வள்ளங்களின் நிழலில் அமர்ந்து இதைப்பற்றிச் சச்சரவு செய்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நியாயம் கேட்டார்கள்.

"கதையில உள்ளபடிதானே சேர் எடுக்க வேணும்? டென்மார்க்காரி எப்பிடிக் கறுப்பா இருப்பாள்?" என்றான் ஒருவன்.

"கடலுக்குள்ள இருக்கிறவளுக்கு எந்த நாட்டுப் பாஸ்போட்?" என்றாள் அருகிலிருந்த மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவனுடைய கட்சியை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அண்டர்சன் தம் கதாநாயகியின் மேனியை ரோசா இதழுக்கும், கண்களை ஆழ்கடலின் நீலத்துக்கும் ஒப்பிட்டே எழுதியிருக்கிறார். மூலத்தை மதி என்று கேட்பது இலக்கியம் பயில்வோன் கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் மூலத்தை மதிப்பதாயின் முழுவதும் மதித்தல் வேண்டுமன்றோ? மூலக்கதையில் ஏரியல் என்ற பெயர் இல்லை. சிவந்த கூந்தலும் 1989ஆம் ஆண்டுச் சித்திரக்காரர் கொடுத்த கொடையே. கதையிலே சூனியக்காரி அவளது நாவையே அறுத்துவிடுகிறாள். இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். கடற்கன்னி கடல் நுரையாய்க் கரைந்து, காற்றின் புதல்வியர் கூட்டத்திற் சேருகிறாள். சித்திரப் படக்காரரோ அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பினர். அத்துடன், ஒரு நண்டைக் கரீபியன் தீவு மெட்டிலே பாடவும் வைத்தனர். நண்டு கரீபியன் பாட்டைப் பாடியபோது டென்மார்க்கின் தூய்மை கெட்டுவிட்டதென்று எவரும் புலம்பியதாக நான் அறியேன். கதையின் முடிவை மாற்றியபோது பொறுத்தவர், தோலின் நிறத்தை மாற்றியபோது பொறுக்கவில்லை. இதைச் சொன்னதும் அந்த மாணவன் சற்று யோசித்து, "அப்ப நான் சின்ன வயசில பார்த்த முகம்தான் சேர் என்ர மனசில நிக்குது" என்றான். அது நேர்மையான பதில். இந்தச் சண்டையில் பாதிப்பேர் காப்பது அண்டர்சனை அன்று, தம் குழந்தைப்பருவத்தையே.

வேறொரு கட்சியும் உண்டு. அதுதான் எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. பழைய கதையில் முகத்தை மாற்றிப் போடுவதை விட்டு, கறுப்பின மக்களுக்கே உரிய கதைகளைப் படமாக்கலாமே என்கிறார்கள் அவர்கள். மேற்கு ஆபிரிக்கக் கரையிலே மாமி வாட்டா என்னும் நீர்த்தேவதையின் வழிபாடு இன்றும் உண்டு. முதலீடு நட்டப்படுமோ என்று அஞ்சும் வணிகன், விலைபோன சரக்கையே புதிய உறையில் இட்டு விற்கிறான். அதனைத் தாராள மனப்பான்மை என்று நாம் மெச்ச வேண்டுமா என்பது அவர்கள் வினா. 2025இல் வந்த வெண்பனிப் பெண்ணின் மறுபடத்துக்கும் இதே கதி நேர்ந்தது. தாய்வழியிற் கொலம்பிய வமிசத்தவரான ரேச்சல் செக்லர் நாயகியானதைக் குறித்து ஒரு சண்டை. ஏழு குள்ளர்களைக் குறித்து இன்னொன்று. உயரம் குறைந்தவரான நடிகர் பீற்றர் டிங்க்லேஜ் அந்தப் பழங்கதையை மீண்டும் எடுப்பதையே 2022இற் கண்டித்தார். பின்னர் குள்ளர்களைக் கணினியாலே படைத்தபோது, பிழைப்பைப் பறித்துவிட்டீர்களே என்று உயரம் குறைந்த வேறு சில நடிகர் வருந்தினர். எல்லோரையும் திருப்திப்படுத்தப் புறப்பட்டவன் கதையை நாம் அறியோமா!

நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். ஈழத்தமிழனைத் திரையிலே காட்டுவது யார்? 2000ஆம் ஆண்டில் 'தெனாலி'யாகக் கமலஹாசன் வந்து நம் பேச்சைப் பேசியபோது இங்கே சிரித்தவரும் உண்டு, முகஞ்சுளித்தவரும் உண்டு. எதற்கெடுத்தாலும் அஞ்சி நடுங்கும் அகதியின் அச்சம் அங்கே நகைச்சுவையாயிற்று. 2025 மே மாதத்தில் வந்த 'டூரிஸ்ட் பேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும் இராமேசுவரக் கரையில் வந்திறங்கும் இலங்கைக் குடும்பத்தவராக நடித்தனர். பள்ளிமுனையிலே அதைப் பார்த்துக் கண்கலங்காத வீடு குறைவு. ஆனால் படம் முடிந்ததும் தொடங்கியது தர்க்கம்: இது எந்த ஊர்ப் பேச்சு? யாழ்ப்பாணமா, வன்னியா? மன்னார்ப் பேச்சு இவர்கள் காதில் விழுந்ததே இல்லையா? படகிற் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் வாழும் ஊரில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. 2015இல் கான் நகரிலே தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' என்னும் பிரெஞ்சுப் படத்தில் அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் சோபாசக்தி நாயகனாக நடித்தார். அவர் வாய் திறந்தால் ஊர் தெரிகிறது. பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் அது வந்துவிடுமா என்பது எனக்கு ஐயமே. ஆயினும், இலங்கையர் பாத்திரத்தை இலங்கையரே ஏற்க வேண்டுமென்று சட்டம் இட்டுவிட்டால், பள்ளிமுனையான் எப்போதுதான் உரோமாபுரிச் சக்கரவர்த்தியாக நடிப்பது?

இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களின் வாசாப்பையும் நாட்டுக்கூத்தையும் பார்த்தவர் அறிவர். 'என்றிக் எம்பரதோர்' நாடகத்திலே ஐரோப்பியச் சக்கரவர்த்தியாய் முடி தரித்து நிற்பவன், அன்று காலை கரைவலை இழுத்த ஆள். 'மூவிராசாக்கள்' நாடகத்தின் அரசர் மூவரும் நம் அயல் வீட்டார். பெண் வேடத்தையும் முன்னெல்லாம் ஆண்மக்களே கட்டினர். 'ஞானசௌந்தரி' எவ்வளவு காலம் மேடையேறியது! கையிழந்த பெண்ணைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையிலிருந்து பிறந்த அதனை, 1948இல் சிற்றாடல் நிறுவனத்தாரும் ஜெமினியாரும் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு படங்களாகவே எடுத்தனர். சிற்றாடல் படத்தில் எம். வி. ராஜம்மா அழுதபோது தமிழுலகம் சேர்ந்து அழுதது. ஐரோப்பியப் பெண்ணைக் கன்னட நாட்டவர் தமிழிலே நடித்தார் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. மேடையில் ஔவையாராகவே வாழ்ந்து ஔவை சண்முகம் என்று பெயர் பெற்றவர் டி. கே. சண்முகம், 1953இல் அதே ஔவையார் ஜெமினியின் திரைக்கு வந்தபோது கே. பி. சுந்தராம்பாள் பாடி நின்றார். ஒன்றைக் கண்டவர் மற்றதை மறுக்கவில்லை.

அப்படியாயின் நம்மவர் நிறம் பாராதவர் என்று மார்தட்டலாமோ? இல்லை. நிறம் பார்ப்பதில் நாம் எவருக்கும் குறைந்தவரல்லர். வெளுத்த நடிகையை வடக்கேயிருந்து வரவழைத்து, ஏழைப் பெண் வேடமென்றால் அவர் முகத்துக்குக் கரி பூசுகின்ற வழக்கம் தமிழ்த் திரைக்கு உண்டு. 'அலாவுதீன்' மறுபடத்தில் வெள்ளையர் சிலருக்கு முகம் கருக்கப்பட்ட செய்தி 2018இல் வெளியானபோது உலகம் ஏசியது; நாம் அதையே நெடுங்காலமாக ஒப்பனை என்று அழைத்து வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலே ஒரு பாடசாலையின் ஒளிவிழாவுக்குப் போயிருந்தேன். பாலன் பிறப்பு நாடகம். மரியாளாக நின்ற சிறுமி வாயசைத்தாள்; தாலாட்டு மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அத்தகைய குரலை நான் அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன். நாடகம் முடிந்ததும் பின்னே சென்று பார்த்தேன். பத்து வயதிருக்கும், எண்ணெய் வழிந்த கருமையான முகம், பாடசாலைச் சீருடையிலேயே நின்றாள். அவளை ஏன் மேடையில் விடவில்லை என்று பொறுப்பாயிருந்தவரைக் கேட்டேன். "மாதா வேசத்துக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்க வேணுமல்லோ மாஸ்டர்" என்று விடை வந்தது. அந்தச் சிறுமி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் முகத்தில் வருத்தமோ வியப்போ தோன்றவில்லை. அதுவே என்னைச் சுட்டது. உலகம் இப்படித்தான் என்று பத்து வயதிலேயே அவள் கற்று முடித்திருந்தாள். அண்டர்சனின் கதையில் காலைப் பெறுவதற்காகக் குரலை விற்றாள் ஒருத்தி. இங்கே குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரைக்குப் பின்னே நிறுத்திவிட்டார்கள்.

டிஸ்னி வணிகத்தின் உள்நோக்கம் எதுவாயினும் ஆகுக. ஹாலி பெய்லியின் முகத்தைக் கண்டு வாய்பிளந்த அச்சிறுமியரின் மகிழ்ச்சியை விளம்பரத் தந்திரம் என்று என்னால் ஒதுக்க முடியாதிருப்பது இக்காரணத்தாலேயே.

பள்ளிமுனைக்கு வருகின்ற சுற்றுலாக்காரர் தவறாது பார்ப்பது பெருக்கமரம். கண்டவர் மலைக்கத்தக்க பருத்த அடி. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். 1477இல் அராபிய வணிகர் நட்டது என்பது வழங்கிவரும் கணக்கு. அதன் தாயகம் ஆபிரிக்கா. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிலே, போர்த்துக்கேயர் காலந்தொட்டு வந்த ஆபிரிக்க வமிசத்தவர் இன்றும் தம் மஞ்சா இசையைப் பாடி வாழ்கிறார்கள். கடல் எதைக் கொணர்ந்து எங்கே சேர்க்கும் என்பதற்கு வரம்பில்லை. கறுத்த மேனியாள் ஒருத்தி நம் கடலுக்கு அந்நியள் என்று சொல்ல இந்தக் கரையில் எவருக்கும் வாய் வராது. கொலம்பஸ் 1493இல் கடற்கன்னியர் மூவரைக் கண்டதாகவும், சித்திரத்திலுள்ள அழகு அவர்களுக்கு இல்லை என்றும் குறித்து வைத்தாரே, அவர் கண்டவையும் கடற்பசுவின் இனமே. உண்மையான கடற்கன்னி, ஆவுளியாவின் நிறம், ஈரக் கற்பலகையின் நிறம்.

வள்ளத்தருகே தொடங்கிய வாதம், அந்தப் பாஸ்போட் கேட்ட மாணவியினால் வேறு திசைக்குத் திரும்பிற்று. 1560ஆம் ஆண்டுக் கதையை நான் சொன்னதும், அதையே கூத்தாக ஆடலாம் என்றாள். வைத்தியர் பொஸ்கெஸ் உண்டு, அரசப் பிரதிநிதி உண்டு, வலைஞர் உண்டு, வேறென்ன வேண்டும்? வலைத்தொழிலோடு அண்ணாவியாராகவும் உள்ள பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டே கேட்டிருந்தார்.

"ஆவுளியாவுக்கு ஆர் ஆடுறது, அண்ணாவியார்? கறுத்த பிள்ளையோ, வெள்ளைப் பிள்ளையோ?" என்றான் முதலில் வாதாடிய மாணவன்.

அவர் ஊசியை நிறுத்தினார். "என்ர தகப்பன் காலத்தில அதைப் பிடிச்சுத் தின்டிருக்கினம். இப்ப சட்டம் விடாது. அதோட கடலில காணவும் கிடைக்காது. வலையில பட்டா அது கத்தாது தம்பி. மூச்சுத்தான் கேக்கும். கூத்தெண்டா முதல் வரவுப்பாட்டு வேணும். பாடாத ஒண்டுக்கு நான் என்ன மெட்டுக் கட்டுறது, அதைச் சொல்லு."

எவரும் விடை சொல்லவில்லை. அவர் மீண்டும் வலை பொத்தத் தொடங்கினார். அந்த மாணவி மட்டும், மூச்சையே மெட்டாக வைக்கலாமா என்று மெல்லிய குரலில் யோசித்துக்கொண்டிருந்தாள்.