ஊசி போட்ட இரவில் உடல் செய்த வேலை

2021 மே மாதம். திருவண்ணாமலையில் அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்தது. நெரிசல் எல்லாம் கைப்பேசிக்குள் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் கோவின் தளத்தில் 606601 என்று பின்கோடு அடித்து, கொரோனா தடுப்பூசிக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். கிடைத்தவர்களில் பலருக்கு ஊசி போட்ட அன்றிரவே காய்ச்சல். ஏன் அத்தனை அலைச்சல்? அலைந்து போட்டுக்கொண்ட பின் ஏன் அந்தக் காய்ச்சல்? இரண்டு கேள்விக்கும் நாம் கண்ணால் பார்க்காத விடைகள் உண்டு.

முதலில் அலைச்சலின் கணக்கு. நாட்டில் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் சுமார் 94 கோடி என்று மத்திய அரசு மதிப்பிட்டது. ஆளுக்கு இரண்டு தவணை என்றால் 188 கோடி. அந்த மே மாதத்தில் புனேயின் சீரம் நிறுவனமும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக்கும் சேர்ந்து தயாரித்தது மாதத்துக்குப் பத்துக் கோடிக்கும் குறைவு. அதே வேகத்தில் போயிருந்தால் எல்லாருக்கும் போட்டு முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் ஏப்ரல் 28 மாலை 18 முதல் 44 வயதினருக்குப் பதிவு தொடங்கியதும், அன்று ஒரே நாளில் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். முன்பதிவு இல்லாமல் இந்த வயதினர் போக முடியாது என்பது அப்போதைய விதி. ஓடிபி வந்து, கேப்சா எழுத்துகளைத் தட்டி முடிப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும். தளத்தில் தமிழ் சேர்ந்ததே ஜூன் மாதத்தில்தான். ரமணாசிரமத்தைச் சுற்றித் தங்கியிருந்த வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதியலாம் என்ற அறிவிப்பு வர ஆகஸ்ட் 9 ஆகிவிட்டது.

மருந்து ஊருக்கு வந்து சேர்வதே ஒரு சாதனை. சீரம் நிறுவனத்தின் கோவிஷீல்டும் பாரத் பயோடெக்கின் கோவேக்சினும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. வெளியே வெயில் 40 டிகிரியைத் தொடும். சூடு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும்; உறைந்துபோனாலும் இந்த மருந்துகள் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் சுகாதாரப் பணியாளர்கள் ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் மருந்தோடு வைப்பதில்லை. சற்று நேரம் வெளியே வைத்து, குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். ஜவ்வாது மலையின் கிராமங்கள்வரை மருந்தைக் காப்பது இந்தச் சிறு பக்குவம்தான்.

குப்பியிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். “பத்துப் பேர் சேரட்டும்” என்று நர்ஸ் உட்காரவைத்தது இதனால்தான். குப்பிக்குள் கணக்குக்குச் சற்று அதிகமாகவே மருந்து ஊற்றி அனுப்புவார்கள். கைத்தேர்ச்சி உள்ளவர்கள் அதிலிருந்து பதினொன்றாவது ஆளுக்கும் எடுத்தார்கள். அந்த மே மாதத் தொடக்கத்தில் கேரளம் தனக்கு வந்த 73.38 லட்சம் தவணைகளைக் கொண்டு 74.26 லட்சம் ஊசிகள் போட்டிருந்தது.

இனி தோளுக்குள் போவோம். கோவிஷீல்டின் ஒரு தவணை அரை மில்லிலிட்டர். அதற்குள் ஏறத்தாழ 5,000 கோடி வைரஸ் துகள்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. சிம்பன்சிகளுக்குச் சளி பிடிக்கவைக்கும் ஒரு வைரஸைப் பிடித்து, பெருகுவதற்கு வேண்டிய மரபணுவை வெட்டி நீக்கி, அதில் கொரோனாவின் கூர்ப்புரதத்துக்கான குறிப்பை எழுதிவைத்தார்கள் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள். கூர்ப்புரதம் என்பது கொரோனா வைரஸின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. துகள் நம் செல்லுக்குள் நுழையும், குறிப்பைக் கொடுக்கும், அத்தோடு சரி. அந்தத் துகளால் இன்னொரு துகளை உண்டாக்க முடியாது. நம் செல் அந்தக் குறிப்பைப் படித்துக் கூர்ப்புரதத்தைத் தானே தயாரிக்கிறது. கோவேக்சினின் வழி பழையது: கொன்ற கொரோனா வைரஸையே முழுசாகக் கொடுத்து, உடலை உசுப்ப ஒரு துணைப்பொருளையும் சேர்ப்பது.

தசைக்குள் இப்படி ஒரு கூட்டம் நுழைந்ததை முதலில் மோப்பம் பிடிப்பவை கிளைச்செல்கள். மரக்கிளைபோல் கைகளை நீட்டிக்கொண்டு உடலெங்கும் காவல் நிற்கும் வெள்ளணுக்கள் இவை. 1973-ல் இவற்றைக் கண்டறிந்து சொன்ன ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிளைச்செல்லுக்குக் கொரோனாவைத் தெரியாது. ஆனால் ‘இது நம் உடலின் சரக்கு இல்லை’ என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் உணர்விகள் அதனிடம் உண்டு. சொன்னதும் சைட்டோகைன்கள் கிளம்புகின்றன. செல்லுக்குச் செல் தகவல் சொல்லும் புரதங்கள் அவை. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, தோள் வீங்கி வலிக்கிறது. மறுநாள் கையைத் தூக்க முடியாமல் செய்தது ஊசியின் குத்து அல்ல; வந்து குவிந்த இந்தக் கூட்டம்.

சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலந்து மூளையை எட்டும்போது கதை இன்னும் சுவையாகிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடல்சூட்டை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் அங்கே ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரந்து, ஏசி ரிமோட்டில் எண்ணை மாற்றுவதுபோல, இலக்கை 38, 39 என்று உயர்த்திவிடுகிறது. உடல் இன்னும் 37-ல்தான் இருக்கிறது. புதிய இலக்கோடு ஒப்பிட்டால் அது ‘குளிர்’. எனவே தோலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. மின்விசிறிக்கும் அடங்காத மே மாதப் புழுக்கத்தில் நான் இரண்டு போர்வைக்குள் சுருண்டு பல் கிட்டியதற்கு விளக்கம் இதுதான். ஊசி போட்டதும் கையில் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரை ப்ராஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைக்கிறது. இலக்கு பழையபடி இறங்குகிறது, மூளை ‘சூடு அதிகம்’ என்று உணர்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. உடம்பு அசந்துபோவதும் அதே செய்தியால்தான்: ஓடியாடிச் செலவாகும் சக்தியை மிச்சம் பிடித்து உடல் தற்காப்புக்குத் திருப்புகிறது.

காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கிவிடும். பெரிய வேலை அதற்குப் பிறகே சூடுபிடிக்கிறது. கிளைச்செல்கள் கூர்ப்புரதத் துண்டுகளைச் சுமந்துகொண்டு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே எண்ணற்ற பி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கையிலும் வெவ்வேறு வடிவ எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. துண்டோடு ஓரளவு பொருந்திய செல்கள் பெருகத் தொடங்கும். பெருகும்போது தம் எதிர்ப்பொருளுக்கான மரபணுவை வேண்டுமென்றே மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளும். மேலும் நன்றாகப் பொருந்தியவை பிழைக்கும், மற்றவை மடியும். பரிணாமம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்வதை ஒரு மொச்சைக்கொட்டை அளவுள்ள கணு சில வாரங்களில் செய்துமுடிக்கிறது. தேறியவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருள் சுரக்கின்றன. சில நினைவுச் செல்களாகக் காத்திருக்கின்றன.

இந்தத் தேர்வுக்கு நேரம் வேண்டும். 2021 மே 13 அன்று கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையிலான இடைவெளி 12 முதல் 16 வாரம் என நீட்டிக்கப்பட்டபோது, மருந்து இல்லாததால் தள்ளிப்போடுகிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். தட்டுப்பாடு உண்மைதான். நீட்டிப்புக்கு ஆதாரம் அதற்கு முன்பே இருந்தது என்பதும் உண்மை: அந்த ஆண்டு பிப்ரவரியில் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 6 வாரத்துக்குள் இரண்டாம் தவணை பெற்றவர்களிடம் மருந்தின் திறன் 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ காத்திருந்தவர்களிடம் 81 சதவீதம்.

அப்படியென்றால் காய்ச்சல் வராதவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லையா? செய்தது. கோவிஷீல்டு பரிசோதனைகளில் இளைஞர்களைவிட முதியவர்களுக்குப் பக்கவிளைவு குறைவு. முதல் தவணையைவிட இரண்டாவதில் குறைவு. எதிர்ப்பொருள் எல்லா வயதினரிடமும் உருவானது. காய்ச்சல் தொடக்க ஆரவாரம் மட்டுமே.

மனமும் இதில் பங்கெடுக்கிறது. கொரோனா தடுப்பூசிகளின் 12 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022 ஜனவரியில் வெளியானது. தடுப்பு மருந்தே இல்லாத போலி ஊசியைப் பெற்றவர்களிலும், முதல் ஊசிக்குப் பிறகு சுமார் 35 சதவீதம் பேர் தலைவலி, அசதி போன்ற உபாதைகளைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் உடல் சின்ன வலியையும் கூர்ந்து கவனிக்கிறது. இதற்கு நோசீபோ விளைவு என்று பெயர்.

அரிதான ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிகச் சிலருக்கு, ரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதத்தையே உடல் எதிரியாகக் கருதிவிட, ரத்தம் உறைந்தது. கோவிஷீல்டுக்குப் பிறகு இப்படி நேர்ந்திருக்கக்கூடியவை பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்று மத்திய அரசின் குழு 2021 மே மாதம் அறிவித்தது. கடும் ஒவ்வாமையால் ஒரு முதியவர் இறந்ததையும் ஜூனில் உறுதிசெய்தது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைப்பது இத்தகைய ஒவ்வாமையை உடனே கண்டு சிகிச்சை தருவதற்காகத்தான்.

தமிழ்நாட்டை உலுக்கியது நடிகர் விவேக்கின் மறைவு. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னவர், 17-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசி மையங்களில் தயக்கம் பரவியது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடாது. அதை உறுதிசெய்யும் ஆய்வுக்குக் காலம் தேவைப்படுகிறது, வதந்திக்குத் தேவைப்படுவதில்லை.

தயக்கம் பின்னர் தணிந்தது. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் தமிழ்நாடு ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகளைப் போட்டது. அந்த அலைச்சல் காலம் முடிந்துவிட்டது, தடுப்பூசிகள் முடியவில்லை. புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ஊசி போடப்படுகிறது, அன்றிரவு பல வீடுகளில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. பயந்து அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். நர்ஸ் சொன்ன அளவில் மருந்து கொடுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ தணியாத காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மற்றபடி அந்தச் சூடு, பிள்ளையின் உடல் தன் எதிரியை அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கிவிட்டதன் அறிகுறி.