வெள்ளணு வீசும் வலை

1970ஆம் ஆண்டு. நுவரெலியா மாவட்டத்தில் பூண்டுலோயாவை ஒட்டிய டன்சினன் தோட்டம், ஹெரோ தோட்டம். நோர்வேயைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு அங்கே 480 ஆண் தொழிலாளர்களை உட்காரவைத்து, ஒவ்வொருவர் வாயையும் சோதித்தது. கையில் இருந்தது மில்லிமீற்றர் கோடு பொறித்த மெல்லிய உலோகக் கம்பி. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே அதை மெதுவாக இறக்கினால், நல்ல ஈறில் இரண்டு மூன்று மில்லிமீற்றரில் நின்றுவிடும். நோய்ப்பட்ட ஈறில் தடையில்லாமல் கீழே போகும். கம்பியை எடுக்கும்போது இரத்தமும் கசியும்.

அவர்கள் தோட்டத்தைத் தேடி வந்ததற்குக் காரணம், அங்கிருந்த ஆண்கள் பல் வைத்தியரைக் கண்டதில்லை, பற்தூரிகை பிடித்ததில்லை என்பதுதான். சிகிச்சையே தொடாத இடத்தில் ஈறு நோய் தன் போக்கில் எப்படி வளர்கிறது என்று பார்க்க நினைத்தார்கள். அறிவியலுக்கு அது அரிய வாய்ப்பு. கொழுந்து விற்ற காசு எங்கெங்கோ போய்ச் சேர்ந்த அந்த மலையில், ஒரு பற்தூரிகைகூட லயத்துக்குள் வந்து சேராத நிலைமையும் அதே வாய்ப்புக்குள்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் அந்த ஆய்வைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பாராட்டத்தான் வேண்டும். 15 ஆண்டுகள் விடாமல் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 1986இல் வெளியான முடிவுகள் பல் மருத்துவப் பாடநூல்களில் இன்றும் இருக்கின்றன. 8 சதவீதம் பேருக்கு நோய் மிக விரைவாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகம். மீதி 11 சதவீதம் பேருக்கு, அதே அழுக்குப் படிந்த பற்கள் இருந்தும், நோய் ஈறின் மேல்மட்டத்தைத் தாண்டவே இல்லை. அழுக்கும் கிருமியும் எல்லாருக்கும் பொது. வித்தியாசம் அந்தக் கிருமிக்கு உடல் தரும் பதிலில் இருக்கிறது என்ற எண்ணம் இதற்குப் பிறகு வலுப்பட்டது.

அந்தப் பதிலைத் தருவதில் முன்னால் நிற்பவை நியூட்ரோபில்கள். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் மிகக் குறைவு. பிறந்து, இரத்தத்தில் சுற்றி, எங்கே கிருமி என்று மணம் பிடித்து, அங்கே போய் மடிகின்றன. ஈறுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இந்தக் காவல் ஒரு நிமிடமும் ஓய்வதில்லை.

இவை கிருமியை விழுங்கிக் கொல்கின்றன என்பது பழைய செய்தி. 2004இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவகத்தில் வோல்கர் பிரிங்க்மன், ஆர்துரோ சிக்லின்ஸ்கி குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வேறொன்றைப் பார்த்தார்கள். தூண்டப்பட்ட நியூட்ரோபில் தன் உட்கருவையே அவிழ்த்து வெளியே எறிகிறது. ஒரு மனிதக் கலத்துக்குள் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏ நூலை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீற்றர் வரும். அந்த நூல் சுருள் பிரிந்து, கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுமந்துகொண்டு, வலையாக விரிகிறது. அதில் சிக்கிய பக்ரீரியாக்கள் அசைய முடியாமல் சாகின்றன. பெரும்பாலும் அந்த வெள்ளணுவும் அத்தோடு முடிந்துபோகிறது. நம் தலைமுறைகளின் குறிப்பேடாக மட்டுமே நாம் படித்திருந்த டிஎன்ஏ, தேவை வந்தால் ஆயுதமாகவும் எறியப்படுகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த வலையில் பக்ரீரியா மட்டும் மாட்டுவதில்லை. 2010இல் பொஸ்டனில் டெனிசா வாக்னரின் ஆய்வகம், ஓடும் இரத்தத்தில் இந்த வலையை வைத்துப் பார்த்தது. இரத்தத்தட்டுகள் வந்து ஒட்டின, செவ்வணுக்கள் மாட்டின, இரத்தம் உறையும்போது உருவாகும் பைப்ரின் இழைகளும் அதில் சேர்ந்துகொண்டன. வலையில் ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் தட்டுகளை மேலும் உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட தட்டுகள் இன்னும் பல நியூட்ரோபில்களைக் கூப்பிடுகின்றன. அவை வந்து இன்னும் வலை வீசுகின்றன. நோயெதிர்ப்பும் இரத்த உறைவும் இரண்டு தனி இலாகாக்கள் என்று பாடசாலையில் படித்தவர்களுக்கு இது புதிது. குதிரைலாட நண்டைப் பார்த்தால் அவ்வளவு வியப்பு வராது. கிருமியோடு போரிடுவதும் இரத்தத்தை உறைய வைப்பதும் அதன் உடலில் ஒரே வகைக் கலத்தின் வேலை. கிருமி பரவாமல் அது இருக்கும் இடத்தைச் சுற்றி அடைத்துவிடுவது மிகப் பழைய தற்காப்பு. காயம்பட்ட விரலில் அது உயிர் காக்கும். மூளைக்குப் போகும் தமனியில் அதே அடைப்பு பாரிசவாதம்.

பாரிசவாதங்களில் பெரும்பாலானவை இப்படி அடைப்பால் வருபவை. மற்றவை இரத்தக்குழாய் வெடித்து வரும் இரத்தக்கசிவு. பெரிய தமனி ஒன்று அடைபட்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன. அடைக்கும் இரத்தக்கட்டி எதனால் ஆனது என்று உயிரோடிருக்கும் நோயாளியில் பார்க்க நெடுங்காலம் வழியே இல்லை. 2015க்குப் பிறகு, தொடையில் துளையிட்டு நுண்குழாயை மூளைத் தமனிவரை செலுத்தி, கம்பிக்கூண்டால் கட்டியைப் பிடித்து இழுத்தெடுக்கும் சிகிச்சை உலகெங்கும் பரவியது. வைத்தியர்கள் எடுத்துப் போட்ட கட்டிகள் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன.

நெல்மணியைவிடச் சற்றே நீளமாக, சில இடம் கருஞ்சிவப்பும் சில இடம் வெளிறியதுமாக இருக்கும் ஒரு துணுக்கு. அதைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால் சிவந்த பகுதியில் செவ்வணுக்கள் நெருங்கிக் கிடக்கின்றன. வெளிறிய பகுதியில் பைப்ரின், தட்டுகள், அவற்றோடு நியூட்ரோபில்கள், எறியப்பட்ட டிஎன்ஏ இழைகள். பெல்ஜியத்தில் 2017இல் 68 கட்டிகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த வலை இருந்தது. மறு ஆண்டு பாரிஸ் குழுவும் அதையே கண்டது. அவர்கள் கவனித்த இன்னொன்று முக்கியமானது: வலை கட்டியின் வெளிவிளிம்பில் அடர்ந்திருந்தது. மருந்து வந்து முதலில் முட்டுவது அந்த விளிம்பில்தான்.

இன்று ஊசியில் ஏற்றும் கரைப்பு மருந்து டிபிஏ. அது இரத்தத்தில் உள்ள ஒரு நொதியை எழுப்பிவிட, அந்த நொதி பைப்ரினை வெட்டுகிறது. டிஎன்ஏயை வெட்ட அதற்குத் தெரியாது. தேயிலை வேர் பிடித்த சரிவில் மழை மேல்மண்ணைக் கழுவிப் போனாலும் வேர் பின்னிய மண் அப்படியே நிற்கும் அல்லவா, பைப்ரின் கரைந்த பின்னும் வலை பின்னிய கட்டி அப்படி நிற்கிறது. பாரிஸ் குழு, எடுத்த கட்டிகளை ஆய்வுக்கூடக் குழாயில் போட்டு, டிபிஏயோடு டிஎன்ஏயை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியையும் சேர்த்தது. டிபிஏ தனியாக இருந்ததைவிட விரைவில் கரைந்தன. டிஎன்ஏஸ் புது மருந்தும் அல்ல. சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரல் சளியை இளக்க 1990களிலிருந்தே அது நுண்துளிகளாக உள்ளிழுக்கப்பட்டு வருகிறது. அந்தச் சளியைக் கெட்டியாக்குவதும் மடிந்த வெள்ளணுக்களின் டிஎன்ஏதான். பாரிசவாத நோயாளிகளிடம் இதைச் சோதிக்கும் பரிசோதனைகள் தொடங்கியிருக்கின்றன.

பூண்டுலோயாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பின்லாந்தின் தம்பெரெயில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பாரிசவாத நோயாளிகள் 75 பேரின் கட்டிகளில் பக்ரீரிய டிஎன்ஏயைத் தேடியது. 84 சதவீதம் கட்டிகளில் கிடைத்தது. அதில் பெரும்பங்கு வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இனங்களுடையது. கசியும் ஈறு ஒரு திறந்த புண். மெல்லும்போதெல்லாம் அதன் வழியே கிருமிகள் சிறிது சிறிதாக இரத்தத்தில் இறங்குகின்றன. நியூட்ரோபில்கள் ஓயாமல் கிளர்ந்தே இருக்கின்றன. நுரையீரல் தொற்றும் இப்படித்தான். 2004இல் பிரித்தானியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், சுவாசத் தொற்று வந்த முதல் மூன்று நாளில் பாரிசவாத ஆபத்து வழக்கத்தைவிட மூன்று மடங்கானது தெரிந்தது.

ஈறு நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் கூடுதலாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஈறைக் குணமாக்கினால் பாரிசவாதம் குறையும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. டன்சினன் ஆய்வில் மூளையை யாரும் பார்க்கவும் இல்லை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, இதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவைதான் இன்றும் முதல் எதிரிகள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஈறையும் இரத்தக்குழாயையும் ஒருசேரக் கெடுக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காக அரை நாள் பேர், அதாவது கூலி, போய்விடும் என்ற பயம் இல்லாமல் பெண்கள் போய்வர வேண்டும்.

டிஎன்ஏஸ் நாளைக்கே பயனுக்கு வந்தாலும், டிபிஏயைக் கொடுக்குமுன் ஸ்கான் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். டிபிஏ கொடுக்கப் பொதுவாக உள்ள எல்லை நான்கரை மணி நேரம். அது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எண்ணப்படுவதில்லை. அறிகுறி தொடங்கிய நிமிடத்திலிருந்து எண்ணப்படுகிறது. மேற்பிரிவு லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். வலி இல்லாததால் விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிறவர்களும் உண்டு. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்கியதும் தானாகச் சரிந்தால், பேச்சு குழறினால், கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று குறித்துக்கொண்டு 1990க்கு அழைக்க வேண்டும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது மலையகத்துக்கும் வருகிறது, கட்டணம் இல்லை.