படத்தில் இல்லாத நண்பன் எங்கே?

பள்ளிக்கூடத்தின் கடைசி வாரம். மாணவர்களும் மாணவிகளும் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஆசிரியர்கள். "அசையாதீர்கள்!" என்கிறார் படம் எடுப்பவர். மறு நிமிடம் படம் ரெடி.

அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதில் இருக்கிறாரா?

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய பகுதி. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரந்து கிடக்கும் உப்பங்கழி ஏரி அது. அதை நம்பித்தான் மீனவர் வீடுகளில் அடுப்பு எரிகிறது.

இந்த ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிக்கூடம். ஒன்று கரையில், இன்னொன்று தண்ணீரில்! வலை பின்னவும் படகு தள்ளவும் யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டாம். மீன்பாடு நன்றாக இருக்கும் நாளில், "இன்று ஒரு நாள் வாடா" என்று அப்பா கூப்பிடுவார். ஒரு நாள் ஒரு வாரம் ஆகும். வாரம் மாதம் ஆகும். பிறகு புத்தகப் பை ஆணியில் தொங்கும்.

பெண் பிள்ளைக்கு வேறு கதை. அம்மா மீன் விற்கப் போனால் தம்பி, தங்கையை யார் பார்ப்பது? அவள்தான்!

பூட்டிய பள்ளிக்கூடம்

2025-ம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சாதாரணமாகப் படித்து வந்தவர்கள் அல்ல. அவர்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச் மாதம், கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. பாடம் டெலிவிஷனிலும் செல்போனிலும் வந்தது. செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? ஏரிக்குப் போகும்!

2021 செப்டம்பர் 1-ந் தேதி பள்ளி திறந்தது. அவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களாக உள்ளே நுழைந்தார்கள். கையில் காசு பார்த்துவிட்ட பையனுக்கு மீண்டும் பெஞ்சில் உட்காருவது எளிதா?

அப்புறம் 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. அதையும் தாண்டித்தான் அவர்கள் கடைசிப் பரீட்சையை எழுதினார்கள். பெற்றோர்களே, அந்த மார்க் பட்டியலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

ஆறாம் வகுப்போடு நின்றவர்

காமராஜர் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். முதல்-அமைச்சர் ஆனதும் அவர் என்ன செய்தார்? ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார். பசியோடு வரும் பிள்ளைக்கு 1956-ல் மதிய உணவு கொடுத்தார். படிப்பை இழந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. ஆனால், பாதியில் நின்றவருக்கு அந்தப் பணம் எப்படிக் கிடைக்கும்? கல்லூரி வாசலுக்கு வந்தால்தானே!

கதவு மூடவில்லை

பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு. பள்ளியை விட்டவர்கள் தனித்தேர்வராகவும் எழுதலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. யார் போய்ச் சொல்வது?

படத்தில் இருக்கும் நீங்கள்தான்!

பள்ளி நாட்களை நினைத்துச் சிரியுங்கள். வாத்தியாரிடம் அடைமொழி வாங்கியதையும், மழையில் புத்தகம் நனைந்ததையும் பேசுங்கள். பிறகு எழுந்து ஏரிக்கரைக்குப் போங்கள். அங்கே உங்கள் பழைய நண்பன் வலையை உதறிக்கொண்டு இருப்பான். அவன் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பழைய புத்தகத்தை அவனிடம் கொடுங்கள்.

"பரீட்சைக்கு நானே சொல்லித் தருகிறேன், வா" என்று கூப்பிடுங்கள்.

அவன் ஒருவன் தேறினாலும் போதும். அன்றுதான் உங்கள் வகுப்புப் படம் முழுமை அடையும்!