கம்பியில்லாக் கைது

நமது தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சர்க்கார் ஆபீஸில் 35 வருஷம் கணக்கு எழுதி, ஒரு பைசா பிசகாமல் ஓய்வு பெற்றவர். கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடக் கூடியவர். அப்பேர்ப்பட்டவர் சில மாதங்களுக்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் தமது சொந்த வீட்டிலேயே சிறையிருந்தார். வாசலில் காவல் இல்லை. கதவில் பூட்டும் இல்லை. மேஜைமீது சாய்த்து வைத்திருந்த செல்போன் ஒன்றே அவரைக் காவல் காத்தது!

நடந்தது இதுதான். மும்பையிலிருந்து போலீஸ் அதிகாரி பேசுவதாக ஒரு குரல் அழைத்தது. அவர் பெயரில் வந்த பார்சல் ஒன்றில் போதை மருந்து அகப்பட்டிருக்கிறதாம். தகப்பனார் பெயர், விலாசம், ஆதார் எண்ணின் 12 இலக்கங்கள் எல்லாவற்றையும் அக்குரல் பிழையின்றி ஒப்பித்தது. பெரியவருக்கு அப்பொழுதே நாக்கு உலர்ந்துவிட்டது. பிறகு வீடியோவில் காக்கி உடுப்பணிந்த மனிதன் ஒருவன் தோன்றினான். அவனுக்குப் பின்னால் சுவரில் காந்தி மகாத்மாவின் படம்!

"உம்மை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம். காமிராவை அணைக்கக் கூடாது. மனைவி மக்களிடமும் மூச்சு விடக் கூடாது. உமது பாங்கிப் பணத்தைப் பரிசோதனைக்காக நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பும், குற்றமில்லையென்றால் திரும்ப வரும்" என்றான் அவன்.

அன்றிரவு 2 லட்சம் ரூபாய் போயிற்று. மறுநாள் காலையில், பேத்தியின் படிப்புக்காகப் போட்டு வைத்திருந்த வைப்புத் தொகையையும் எடுத்து வரப் புறப்பட்டார் பெரியவர். வைத்த காப்பி ஆறிக் கிடப்பதையும், அவர் கண்கள் சிவந்திருப்பதையும் கண்ட அம்மாள் வாசற்படியில் மறித்து நின்றாள். விஷயம் மெல்ல வெளிவந்தது.

"கைது செய்கிறவர்களுக்கு நம் வீட்டு வாசல் தெரியாதா? வரட்டும், நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிச் செல்போனை அணைத்தாள். அவ்வளவுதான், சிறை இடிந்து விழுந்தது.

இச்செய்தியைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், "இவ்வளவு படித்தவர் இப்படி ஏமாறலாமா?" என்றார்கள். வேறு சிலர் நடுங்கிப்போய், "இனிமேல் செல்போனில் பணம் என்ற பேச்சே வேண்டாம்" என்றார்கள். இரு சாராரும் பிசகினார்கள் என்பது நமது அபிப்பிராயம். 2016-ஆம் வருஷத்தில் யூ.பி.ஐ. முறை வந்த பிறகு, கீரைக்காரியின் கூடையிலும் கட்டமிட்ட அட்டை தொங்குகிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு முடிச்சில் காசு முடிந்து வாழ்வது இனி ஆகிற காரியமன்று. படிப்பும் இவ்விஷயத்தில் பெரிய காப்பு அல்ல. சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்த யோக்கியர்களே போலீஸ் என்ற சொல்லுக்கு அதிகமாக நடுங்குகிறார்கள். திருடனுக்கு அந்த நடுக்கமே முதல்; அதை யாரிடமும் சொல்லவிடாத ரகசியமே வட்டி.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1950-ஆம் வருஷம் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 22-ஆவது ஷரத்துப்படி, கைதான பிரஜைக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைக் கலக்க இடம் கொடுக்க வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும். செல்போன் வழியாகக் கைது செய்யும் ஏற்பாடு எதுவும் சட்டத்தில் கிடையாது. பிரதமர் மோடியே 2024-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி வானொலியில் இதை எடுத்துச் சொன்னார். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் 3 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கைதாக வேண்டியவன் காமிராவுக்கு அந்தப்புறம் இருக்கிறான்!

நமது ஆதார் எண் ஒருவனுக்குத் தெரிந்திருப்பதால் மட்டும் அவன் அதிகாரி ஆகிவிட மாட்டான். விடுதியிலும், சிம் கார்டுக் கடையிலும், ஜெராக்ஸ் கடையிலும் நாம் விட்டுவந்த நகல்கள் எத்தனை! இனியாவது கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுப்போம். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதாரில் உண்டு. பணம் பெற்றுக்கொள்வதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவன் எடுக்க வந்தவன்.

குடும்பங்களுக்கு மட்டும் உபதேசம் செய்தால் போதாது. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தனர். சொந்த விவரங்களைக் காக்க 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. நம்மிடம் நகல் கேட்டு வாங்குகிறவர்கள் அதைப் பத்திரப்படுத்தாவிட்டால், சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷமும் அதுவே. நேயர்கள் மறக்க நியாயமில்லை. அந்த வருஷம் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள், உண்மையான போலீஸாரின் உண்மையான தடியடிக்கு முன் நின்றார்கள். அவர்கள் வழிவந்த நாம் பொய்ப் போலீஸுக்கு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளலாமா?

பெரியவர் அன்றே 1930-ஐக் கூப்பிட்டதால் பணத்தில் ஒரு பகுதி நடுவழியில் முடக்கப்பட்டது. பாக்கி போனது போனதுதான். அதைவிட வெட்கமே அவரை அதிகம் வாட்டியது. இரண்டு வாரம் தெருவில் தலைகாட்டவில்லை. பிறகு நாம் கேட்டுக்கொண்டதன்பேரில் நமது பள்ளிக்கூடத்துக்கு வந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "எங்கள் தாத்தா தனியாக இருக்கிறார். அவருக்கும் வந்து சொல்லுவீர்களா?" என்று கேட்டான்.

பெரியவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார்.