எண்ணெய் மாறிய கதை

2010-ம் வருஷத்தில் ஒரகடத்தில் தயாரான நிஸ்ஸான் மைக்ரா மோட்டார்கள் எண்ணூரில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் பயணமாயின. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஐ10 வண்டிகளோ அதற்கு முன்பே சென்றவை. ஆகவே அங்கே வாடகைக்கு வண்டி எடுத்த நம்மவர் சிலர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வண்டியிலேயே ஏறியிருக்கக்கூடும். பெருமைதான்! ஆனால் அது குடிக்கும் எண்ணெயின் பெயர் நம் பாஷையில் இல்லையே!

ஸ்பெயின் தேசத்தில் 'காஸோலினா' என்றால் பெட்ரோல். 'காஸோலியோ' என்றால் டீஸல். ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலையிலேயே உத்தியோகம் பார்க்கும் நமது நண்பர் ஒருவர், அங்கே குடும்பத்துடன் சென்றபோது, டீஸல் வண்டிக்குப் பெட்ரோலை நிரப்பிவிட்டார். டீஸல் குழாய் பருமனானது. பெட்ரோல் வண்டியின் வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் குழாயோ மெலிந்தது, எங்கும் நுழைந்துவிடும். அத்துடன் நின்றிருந்தால் டாங்கியைக் காலி செய்வதோடு போயிருக்கும். சாவியையும் திருப்பிவிட்டார்! டீஸல் பம்புக்கு டீஸலேதான் மசகு. அது இல்லாமல் பம்பு தேய்ந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை போயிற்று.

"முழு இன்ஷூரன்ஸ் செய்திருக்கிறேனே" என்றார் நண்பர். பத்திரத்தின் பொடி எழுத்தில், தப்பான எண்ணெய்க்குக் கம்பெனி பொறுப்பல்ல என்றிருந்தது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவையும் இப்படியே பல பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும். மோதல் நஷ்டத்திலும் முதல் தொகை நம் தலையில்தான். அது எவ்வளவு என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்பதில் வெட்கமென்ன?

2018 அக்டோபர் முதல் ஐரோப்பிய யூனியனில் பம்பிலும், புது வண்டிகளின் டாங்கி மூடியருகிலும் பெட்ரோலுக்கு வட்டமும் டீஸலுக்குச் சதுரமும் பொறிக்கிறார்கள். பாஷை தெரிய வேண்டியதில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

நண்பர் அந்தப் பில்லை வீட்டில் இன்னும் காட்டவில்லை.